வயிற்றுக் கோளாறும் உன் சமையலும்

அன்புள்ள மருமகளுக்கு,

நீயும் குழந்தைகளும் சுகமா? நான் சுகம். இந்த முறை மெய்யாகவே சுகம்.

எட்டு வருடங்களாக என் வயிற்று உப்புசத்துக்கும் போக்குக்கும் உன் சமையலைத்தானே குற்றம் சொன்னேன்? அந்தக் கோபத்தில்தான் இந்த விடுதிக் காப்பாளர் வேலைக்கே வந்தேன். இங்கே நானே சமைத்தும் வயிறு அடங்கவில்லை. வெட்கத்தை விட்டு ஃபேஸ்புக்கில் உடல்நலக் குழு ஒன்றில் விலாசம், தேதி, கையொப்பத்துடன் முறைப்படி எழுதினேன். அதிலும் உன்னைத்தான் குறை சொன்னேன்.

ஒரு பெண் கேட்டாள்: "ஏம்மா, இப்ப சமைக்கறது நீங்க, திட்டு மட்டும் மருமகளுக்கா? அங்கயும் இங்கயும் விடாம என்ன சாப்பிடறீங்க?"

பால். தினமும் நான்கு டம்ளர், என் கையால் காய்ச்சியது. நிறுத்திய பத்தே நாளில் வயிறு சரியாகிவிட்டது. மருத்துவரும் அதுதான் காரணம் என்கிறார்.

விருந்தினர் முன்னால் நீ வைத்த தட்டை நான் தள்ளிவிட்டதை நினைத்தால் கூசுகிறது. என்னை மன்னித்துவிடு.

நான் அங்கே விட்டுவந்த என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பும்போது, நீ கீரை சமைக்கும் பக்குவத்தையும் எழுது. எனக்குச் சரியாக வரவில்லை.

மாணவிகள் கதவைத் தட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: விடுமுறைக்கு நான் அங்கே வரலாமா? மகனைக் கேட்டால் வா என்றுதான் சொல்வான். நீ சொல்.

அத்தை