சீமாட்டிக்கு வைத்த குங்குமம்

ஆவணி, வெள்ளிக்கிழமை. திருவானைக்காவல்.

அம்மாவைத் திட்டவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

பள்ளிக் கண்காட்சியில் நான் விளக்கிப் பேசுவதற்காகச் சரித்திர டீச்சர் தன் சொந்தப் படத்தை நம்பித் தந்திருந்தார். புரட்சிக்கு முன்னால் பிரெஞ்சு தேசத்துப் பணக்காரப் பெண்கள் புது நாகரிகம் தெரிந்துகொள்ள வாங்கிய அச்சுப்படமாம். படத்தில் இருக்கும் சீமாட்டியின் கொண்டை கோபுர உயரம்; உச்சியில் ஒரு பாய்மரக் கப்பல். பின்னால் சுவருக்கே பட்டுப்புடவை கட்டியிருக்கிறார்கள். நாற்காலிக் காலுக்குத் தங்கக் கொலுசு. நேற்று அதைப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டி, "அம்மா, இது பிரெஞ்சுக்காரங்க மகாலட்சுமி" என்று கதை விட்டவள் நான்தான்.

இன்று பள்ளிவிட்டு வந்தால், மற்ற சாமி படங்களுக்கு வைத்ததுபோல் அவள் நெற்றியிலும் ஈரச் சந்தனம், குங்குமம்! படத்துக்குக் கண்ணாடிகூடக் கிடையாது. துடைத்தேன்; புருவமும் சேர்ந்து வந்துவிட்டது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே?"

"நீதானேடி மகாலட்சுமின்னு சொன்னே? வெள்ளிக்கிழமையும் அதுவுமா அவளை மட்டும் மூளியா விடச் சொல்றியா?"

"சும்மா சொன்னேம்மா!"

"சாமி விஷயத்துலகூடவா விளையாட்டு? சரி, நாளைக்கு நானே வந்து, நான்தான் வச்சேன்னு டீச்சர்கிட்ட சொல்றேன்."

வந்தால் டீச்சர் முன்னால் அம்மா அசடாக நிற்பாள். என் புளுகுக்கு அவள் ஏன் நிற்க வேண்டும்? காலையில் அவள் காவிரிக்குக் குளிக்கப் போகும் நேரம் பார்த்துத் தனியாக டீச்சரிடம் போய், நான்தான் கெடுத்தேன் என்று சொல்லிவிடப் போகிறேன். இனி கண்காட்சியில் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைக்காது. ஒரு வாரமாக மனப்பாடம் செய்ததெல்லாம் வீண். சே!