ஹார்ன் இல்லாமல் ஓட்டுங்கள்

ஏங்க,

கோங்கூரா பச்சடியும் பருப்பும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு, பத்து மணி ரயிலில் வரும் என் தங்கையை விஜயவாடா ஸ்டேஷனிலிருந்து கூட்டி வாருங்கள். காரிலேயே போங்கள். ஏசி ஓடுகிறது!

மெக்கானிக் கம்ப்ரசரே போச்சு என்றார் அல்லவா? விடிந்ததும் நம் ஸ்ரவந்தி பானெட்டைத் திறந்தாள். "அம்மா, ஏசி போட்டா டக்குன்னு ஒரு சத்தம் வரணும். வரல பாரு" என்றாள். கறுப்பாக, குட்டிப் பெட்டி ஒன்றைப் பிடுங்கினாள். ரிலேயாம், ஏசிக்குக் கரன்ட் விடும் சுவிட்ச். ஹார்னுக்கும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. அதை எடுத்து இது இருந்த இடத்தில் செருகினாள். டக்! ஐஸ் மாதிரி காற்று. இந்த மே மாத வெயிலில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான் பெற்றதா இது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி ஆட்டோமொபைல் படிப்பு?" என்று நேற்று கத்தினீர்களே.

புது ரிலே வாங்க நாங்கள் ஆட்டோவில் போகிறோம்.

ராஜ்யம்

பி.கு: அதுவரை ஹார்ன் அடிக்காது. ஹார்ன் இல்லாமல் நீங்கள் தெருமுனைகூடத் தாண்டியதில்லை. மெதுவாகப் போங்கள்.

இன்னொன்று: சாவி காரிலேயே இருக்கிறது, பாலிடெக்னிக் விண்ணப்பத்தின் மேல். ஏசியைப் போட்டு, உடம்பு நன்றாகக் குளிர்ந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.