கட்டைவிரல் அகலம்

நாள் 212, காலை 8:10

நிலவுச் சுரங்கம், கிழக்குக் கிளை. பதிவு செய்வது ஜெசிந்தா, மென்பொருள் பராமரிப்பு. காற்றழுத்தம் சரி. தூசி வடிகட்டிகள் மாற்றியாயிற்று. ஆட்கள் நால்வர், பாறை உடைக்கும் இயந்திரம் ஒன்று. அதற்கு நாங்கள் வைத்த பெயர் பன்றி. ஓட்டுபவர் சுடலைமணி அண்ணாச்சி. ஒரு போன்தான் அதற்குக் கடிவாளம். திரையில் சுரங்கத்தின் படம் வரும்; தொட்ட இடத்தில் பன்றி இடிக்கும்.

அண்ணாச்சிக்குப் பார்வை மங்குகிறது. தலைமையகத்துக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரும் மூச்சுவிடவில்லை. இன்று காலை போனில் திரைப் பெரிதாக்கல் வசதி இருப்பதைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார். புதுக் கண்ணாடி வாங்கியவரைப் போல எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிகிறார். பிழைத்துப் போகட்டும்.

நாள் 212, 11:35

எங்கள் பொறுப்பாளர் முகைதீன் அண்ணன் இறந்துவிட்டார்.

பாறையைச் சோதித்துவிட்டு மஞ்சள் பாதுகாப்புக் கோட்டுக்கு வெளியேதான் நின்றார். அண்ணாச்சி பாறையைத் தொட்டார். பன்றியின் சம்மட்டி முகைதீன் அண்ணன் மேல் இறங்கியது. அண்ணாச்சி நிறுத்தப் பொத்தானை அழுத்தினார், நிற்கவில்லை. இன்னும் இரண்டு இடி. மார்பும் வலது கையும் கூழாகிவிட்டன. முகம் மட்டும் முழுதாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாள் 212, 12:50

மின்பணியாளர் ஏசுராஜாவுக்கு முகைதீன் அண்ணன் கூடப்பிறவாத அண்ணன். வேலைமுறை பற்றி நேற்று முகைதீன் அண்ணனுக்கும் அண்ணாச்சிக்கும் வாய்ச்சண்டை நடந்திருந்தது. அதுபோதும் ஏசுராஜாவுக்கு. வாக்கிடாக்கியில் கேட்டது:

"ஏல, நேத்து அவரு கூட மல்லுக்கு நின்னேல்ல. வேணும்னுதாம்ல இடிச்ச."

"சத்தியமா இல்லடே. நான் பாறையத்தான் தொட்டேன்."

நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் ஸ்பேனரால் அண்ணாச்சியின் தாடையை உடைத்திருந்தான். இடது கையை மிதித்து நசுக்கியிருந்தான். பிடித்து இழுத்த என் நெற்றியிலும் ஒன்று விழுந்தது. பிறகு போனைப் பிடுங்கினான். பொதுக் கம்பியில் தலைமையகத்துக்கே சொன்னான்:

"நான் தொட்டுக் காட்டுதேன் பாருங்க. ஒழுங்கா தொட்டா ஒழுங்காத்தான் இடிக்கும்."

தூணுக்குப் பக்கத்துப் பாறையைத் தொட்டான். பன்றி தூணை இடித்தது.

நாள் 212, 13:20

கூரை இறங்கிவிட்டது. ஏசுராஜாவின் கால் ஒன்று மட்டும் கல்லுக்கு வெளியே தெரிகிறது. கொஞ்ச நேரம் துடித்தது, இப்போது இல்லை. திரைப் படத்தில் பார்த்தால் கல் குவியலுக்கு இடப்பக்கம், ஒரு பொந்தில் நான். வலது முழங்கால் போய்விட்டது. கைக்கணினி இருக்கிறது, தகவல் கம்பியும் அறுபடவில்லை. காற்று மாலை வரை தாங்காது. அண்ணாச்சி மறுபக்கம். உடைந்த தாடை, ஒரு கை, தெறித்துவந்த போன், வாக்கிடாக்கி, பன்றி.

காரணம் கிடைத்தது. செயலியை எழுதிய புண்ணியவான் எல்லா போன் மாடல்களுக்கும் திரை அகலத்தைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறான். பெரிதாக்கலைப் போட்டால் போன் தன்னைச் சின்னத் திரை என்று சொல்லும். பட்டியல் பெரிய திரை என்று சொல்லும். தொட்டது ஓரிடம், பதிவாவது வலப்பக்கம் வேறிடம். நிறுத்தப் பொத்தானை அழுத்தியதும் அதன் மேல் பதிவாகவில்லை. திரையின் உண்மைப் புள்ளிகளையும் போன் சொல்லும் அகலத்தையும் ஒப்பிட்டிருந்தால் பெரிதாக்கல் ஓடுவது தெரிந்திருக்கும். இரண்டு வரி. எழுதியவனுக்குக் கண் நன்றாக இருந்திருக்கும், நாசமாய்ப் போக.

பெரிதாக்கலை அணைக்கவும் வழியில்லை. அணைத்தால் போன் புதிதாகத் தொடங்கும், பன்றியோடு சேர முகைதீன் அண்ணனின் வலது கைரேகையைக் கேட்கும். அந்தக் கை இப்போது இல்லை.

செயலியை மட்டும் திருத்தி அனுப்பலாம். போன் அணையாது. அந்த இரண்டு வரியை எழுதிக்கொண்டிருக்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நாள் 212, 13:45

திருத்தம் அனுப்பினேன். "தோல்வி" என்று வந்தது. மறுபடி அனுப்பினேன். தோல்வி. காற்று கனக்கிறது. வேறு வழியில் இறங்கினேன். வாக்கிடாக்கியில் பேசியது (உடைந்த தாடையோடு அண்ணாச்சி குழறியதில் புரிந்தவரை):

"அண்ணாச்சி, நீங்க தொடுறது வலப்பக்கம் தள்ளி விழுது. எந்தக் கல்ல இடிக்கணுமோ, அதுக்குக் கட்டைவிரல் அகலம் இடப்பக்கம் தள்ளித் தொடுங்க."

"ஒன் மேல பட்டுச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன் தாயி."

"படாது. தள்ளியே தொடுங்க. ஒவ்வொரு தடவையும்."

"சரி தாயி. நீ சொன்னாச் சரி."

நாள் 212, 14:05

முதல் இடி, பெரிய கல் பிளந்தது. இரண்டாவதும் சொன்ன இடத்தில் விழுந்தது. ஒரு கையோடு, ரத்தம் துப்பிக்கொண்டு, அரைக்கண்ணால் செய்கிறார் மனிதர். விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் வருகிறது. நான் அழுதேன். இன்னும் மூன்று கல். வெளியே போனதும் அவர் காலில் விழுவேன், வயதும் அதற்குத்தான் ஆகிறது.

இரண்டாவது இடியில் மேலிருந்து கல் விழுந்து வாக்கிடாக்கி நொறுங்கிவிட்டது. பரவாயில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

நாள் 212, 14:11

கைக்கணினியில் ஒரு வரி வந்திருக்கிறது. தானியங்கி மறுமுயற்சி: திருத்தம் நிறைவேறியது.

அவர் போனில் எந்த அறிவிப்பும் வராது. இப்போது அவர் தொடும் இடத்திலேயே இடி விழும். அவர் இடப்பக்கம் தள்ளித் தொடுவார். நான் இடப்பக்கம் இருக்கிறேன்.

பழைய செயலியையே திருப்பி அனுப்பிப் பார்க்கிறேன்.

நாள் 212, 14:14

மூன்றாவது இடி என் கால்மாட்டில். கம்பி அறுந்துவிட்டது. வலது பாதம் இல்லை. கத்துகிறேன், பன்றி சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. குறி கொஞ்சம் விலகியது என்று நினைத்திருப்பார். இன்னும் கவனமாகத் தள்ளுவார்.

இதைக் கண்டெடுப்பவருக்கு. சுடலைமணி மீது பழி போடாதீர்கள். நான் சொன்ன இடத்தைத்தான் தொட்டார்.

சம்மட்டி மேலே போகிறது

அண்ணாச்சி தள்ளாதீங்க நேரே தொடுங்க நேரே தொ