ஐவியோடு யாரும் பேசக்கூடாது

பேஜ்லி,
1980 அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை.

அடிலெய்டில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் என் அருமை மச்சான் டெஸ்மண்டுக்கு, இங்கே மழையில் ஊறிக்கொண்டிருக்கும் உன் அக்கா புருஷன் ஹோரஸ் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கார்க் கதவு மாட்டியே பழகின கை இது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வயிற்றில் கட்டி. திறந்து பார்த்தார்கள், ஒன்றும் எடுக்காமல் மூடித் தைத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும், கார் சீட் தைத்தே பழகின உன் அக்கா அந்தத் தையலைப் பார்த்து, "எவ தச்சது இது? என் மேஜைக்கு வந்திருந்தா பிரிச்சு முகத்துல எறிஞ்சிருப்பேன்" என்றாள். நர்சுகள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு அழைத்துப் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டால் அவர் ஜன்னலைப் பார்க்கிறார்.

நீ வரவேண்டும் டெஸ். வந்து, அவள்மேல் நீ போட்ட தடையை நீயே எடுக்கவேண்டும். இந்தக் கடிதத்தில் விஷயம் அது ஒன்றுதான்.

என்ன தடை என்று கேட்பாய். வெயிலில் மூளை காய்ந்திருக்கும், அதனால் ஞாபகப்படுத்துகிறேன். தன் நாட்டில் விற்கும் கார் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று அமெரிக்கக்காரன் சட்டம் போட்டான், உடனே நம் டாகெட் கம்பெனி லினெட் காரின் பளபளக்கிற முன் இரும்பைப் பிடுங்கிவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்தது. விளக்குகள் உயரத்தில் இருக்கவேண்டுமாம், அதற்காக ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை கொடுத்து வண்டியையே தூக்கியது. இரண்டு கார்புரேட்டரில் ஒன்றைப் பிடுங்கியது. நீ அதைப் பார்த்து, "அழகான பொண்ணுக்கு மீசை ஒட்டி, குதிகால் செருப்பும் மாட்டி விட்டிருக்கானுங்க" என்றாய். வளைவில் திருப்பினால் குடிகாரன் மாதிரி சாய்கிறது, இதை நான் பூட்டி அனுப்பமாட்டேன் என்று யூனியன் தலைவனாக நின்று எல்லாரையும் கேட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனாய். நானும்தான் வந்தேன், வாளிக்குள் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்தேன்.

ஐவி உள்ளே போனாள். பழைய லினெட்டுக்கு வெட்டிவைத்த கடைசித் தோல் சீட்டுகள் அவள் மேஜையில் கிடந்தன. புது மாடலுக்குத் தோல் கிடையாது, பிளாஸ்டிக் துணி. ஒரு நாள் போய், அந்தப் பழைய சீட்டுகளைத் தைத்து முடித்துவிட்டு வந்தாள். புது வண்டிக்கு ஒரு நூல்கூட அவள் கோக்கவில்லை. உன்னிடம் சொன்னாளே! நீ என்ன சொன்னாய்? "கேட்டைத் தாண்டினா தாண்டினதுதான். அக்கான்னு பாத்தா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?" கேட் வாசலில் ஒரு பெஞ்சுமேல் ஏறி நின்று, நான் வாபஸ் வாங்குகிறவரை இவளோடு யாரும் பேசக்கூடாது என்று அறிவித்தாய். எல்லாரும் கை தூக்கினார்கள். பக்கத்து மேஜை மரியலும் தூக்கினாள், அழுதுகொண்டே.

அப்புறம் வேலைநிறுத்தம் தோற்றது. நீ கோபித்துக்கொண்டு கப்பல் ஏறினாய். தடையை எடுக்க மறந்துபோனாய். தடை என்ன குடையா மச்சான், மறந்து வைத்துவிட்டுப் போக?

ஆறு வருஷம். முதலில் மற்றவர்கள் இவளோடு பேசவில்லை. அப்புறம் அவர்களுக்கே வெட்கமாகி வாயெடுத்தார்கள், அப்போது இவள் பேசவில்லை. "எங்கூடப் பொறந்தவன் எல்லார் முன்னாடியும் சொன்னது. அவனே வந்து எடுக்கட்டும்" என்று உட்கார்ந்துவிட்டாள். டீ வண்டி வரும், எல்லாரும் எழுந்து போவார்கள், இவள் பிளாஸ்கை எடுத்துவைத்துக்கொண்டு தனியாகக் குடிப்பாள். வீட்டுக்கு வந்தால் என் காது கிழியும். ஒரு நாள் பேச்சு முழுவதும் எனக்குத்தான் வரும். "அவளோடு பேசாமல் இருக்கிற உங்களுக்கெல்லாம் சொர்க்கமப்பா" என்று மற்ற புருஷன்மாரிடம் கேலி பேசிக்கொண்டு திரிந்தேன். கேலி பேசாமல் எனக்கு இருக்கத் தெரியாது, உனக்குத் தெரியுமே.

வெள்ளிக்கிழமை கம்பெனியை மூடினார்கள். கடைசி லினெட் வெளியே வந்தது. அதோடு முதலிலிருந்து வந்த எல்லா மாடலையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, வேலைக்காரர்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மதியத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி, சக்கர நாற்காலியில் வைத்து ஐவியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிப் போர்வைக்கு மேல் அவளுடைய நல்ல கோட்டு. உதட்டுக்குச் சாயம்கூடப் போட்டுக்கொண்டாள்.

முதல் லினெட் நின்றது. அதற்கு வெளியே கைப்பிடியே கிடையாது, உள்ளே கையை விட்டுக் கயிற்றை இழுக்கணும். ஜன்னலுக்குக் கித்தான் திரை. மழை பெய்தால் மழையும் நம்மோடு ஏறி உட்கார்ந்துகொள்ளும். "இதுல உக்காரட்டுமா" என்றாள் ஐவி. தூக்கினேன். வண்டி அவ்வளவு தாழ்வு, அவளால் மடங்கவே முடியவில்லை. வலியில் என் காலரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவதிலும் முடியவில்லை. சுற்றி இறக்குகிற கண்ணாடி வைக்கிறேன் என்று கதவைப் பருமனாக்கினார்களே, அது. மூன்றாவது, இரும்புக் கூரையும் பெரிய இன்ஜினும் போட்டது. பின்னால் பூனைகூட உட்கார யோசிக்கும் ஒரு பலகையைக் குழந்தைகள் சீட் என்று விற்றோமே, அதேதான். அதில் தலை இடித்தது.

கடைசியில் எதில் உட்கார்ந்தாள் தெரியுமா? நீ பூட்டி அனுப்பமாட்டேன் என்ற அந்த மீசைக்காரியில். கட்டை கொடுத்துத் தூக்கின வண்டி அல்லவா, நாற்காலி உயரத்துக்குச் சரியாக இருந்தது. அப்படியே நகர்த்தி உட்காரவைத்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பயல் இதைப் பாத்தா வயிறு எரிஞ்சு செத்துடுவான்" என்று சிரித்தாள். உன் பெயரைச் சொல்லாவிட்டாலும் உன்னைச் சொல்லிச் சிரித்தாள் டெஸ். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

அப்போது மரியலும் தையல் பிரிவுப் பெண்களும் வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். மரியல் குனிந்து, "ஐவி, அடியே, கம்பெனியே போச்சு. இனி என்னடி தடை? ஒரு வார்த்தை பேசுடி" என்று கெஞ்சினாள். ஐவி என்னைப் பார்த்து, "ஹோரஸ், அவங்ககிட்ட சொல்லு. இன்னும் எடுக்கலை" என்றாள். மரியல் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பத்தான் ஆசை. கழுத்து நரம்பு துடித்ததை நான் பார்த்தேன். அந்தப் பெண்கள் மழையில் நின்றுகொண்டே இருந்தார்கள்.

யூனியன் செயலாளரைப் பிடித்து, நீயாவது எடுத்துவிடேன் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "கிளையையே காலையில கலைச்சுட்டோம் ஹோரஸ். தீர்மானம் போட இப்ப கூட்டமே கிடையாதே" என்றார். சிரிப்பு வந்தது எனக்கு. சிரித்துக்கொண்டே அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன், இரண்டு பேர் வந்து பிரித்துவிட்டார்கள்.

நேற்று நானே ஒரு புளுகு விட்டுப் பார்த்தேன். டெஸ் தடையை எடுத்துவிட்டதாகத் தந்தி வந்திருக்கிறது என்றேன். கண்ணைத் திறக்காமலே, "யோவ், உனக்குப் பொய் சொல்ல வராது. விட்டுடு" என்றாள். மரியல் தினமும் வார்டுக்கு வருகிறாள். ஒரு கிண்ணம் பழக்கூழ் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்கிறாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒரு மணி நேரம். மணி அடித்ததும் அவள் போகிறாள். அதன்பிறகு ஐவி என்னிடம், "மரியல் இளைச்சுட்டா, பாத்தியா" என்கிறாள்.

இப்போது என்னிடமும் அதிகம் பேசுவதில்லை. மருந்து தூங்கவைக்கிறது. விழித்திருக்கும் நேரம் சுருங்கிக்கொண்டே வருகிறது. வீட்டில் எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு அமைதி.

விமானத்தில் வா. முடியாது என்றால், கிடைக்கும் முதல் நாளே டெலிபோன் போடு. வார்டு நர்சம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன், டெலிபோனை வண்டியில் வைத்துக் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு வருவாள். நான் மரியலையும் மற்றவர்களையும் வரச்சொல்லி நிறுத்திவைக்கிறேன். எல்லார் முன்னாலும் போட்டது, எல்லார் காதிலும் விழ எடுக்கவேண்டும். மன்னிப்பு ஒன்றும் கேட்கவேண்டாம், நீ பண்ணினது சரியென்றே இருக்கட்டும். சண்டை போடுவதானாலும் போடு, அவளுக்குச் சண்டை பிடிக்கும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நேரம் கடந்திருந்தாலும் டெலிபோன் போடு. நான் மட்டுமாவது கேட்கிறேன்.

கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும் டெஸ். உன் பிள்ளைகள் இரண்டு பேரும் ஆயுள் முழுக்க அடித்துக்கொள்ளட்டும், ஆனால் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே அடித்துக்கொள்ளட்டும்.

உன் மாமன்,
ஹோரஸ்