முப்பத்தைந்து என்றால் பாஸ் இல்லை

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். அம்மாவும் சௌக்கியம் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இந்த முறை கை வரவில்லை. போனில் சொல்லலாமென்றால் நான் வாயைத் திறக்குமுன் அவள் அதைப் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம்.

போன வருடம் அம்மாவுக்கு மூச்சு வாங்கி, இதயம் பலவீனம் என்று முதல் எக்கோ ஸ்கேன் எடுத்தபோது இருபத்தெட்டு என்று வந்தது நினைவிருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டாள், இரண்டாவது ஸ்கேனில் நாற்பத்திரண்டு. அங்கேதான் வந்தது வினை. ஆயுள் முழுக்கக் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று எதைக் காட்டினாலும் அது மார்க்தான், முப்பத்தைந்தைத் தாண்டினால் பாஸ்தான். "பாஸானவ எதுக்குங்க மறுபடி பரீட்சை எழுதணும்" என்று அடுத்த ஸ்கேனைத் தள்ளிப்போட்டாள். நீயும் சும்மா இருந்தாயா, "அதே இதயம்தானேப்பா, எத்தனை தடவை படம் எடுப்பீங்க" என்று அவளுக்கு ஒத்து ஊதினாய். கோபித்துக்கொள்ளாதே. நான் அதிகம் பேசுகிறேனோ என்னவோ, ஆனாலும் எழுதியதை அடிக்கப்போவதில்லை.

பிறகு படுத்தால் மூச்சு முட்டித் தலைக்கு மூன்று தலையணை கேட்டாள், கேட்டால் கழுத்து வலியாம். செருப்பு வார் வீங்கிய காலில் பள்ளம் பதித்தது, செருப்பு சுருங்கிவிட்டதாம். நானும் தலையாட்டி பொம்மை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். பொத்தான் தைக்க நூல் தேடித் தையல் பெட்டியைத் திறந்தால் உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள்! கேட்டதற்கு, "ரிசல்ட் வந்தப்புறம் யாராவது படிப்பாங்களா?" என்கிறாள். கெஞ்சிக் கூத்தாடி ஸ்கேனுக்குச் சம்மதிக்க வைத்தேன். அதற்கு முந்தின வாரம் மட்டும் மாத்திரையெல்லாம் வேளை தவறாமல் உள்ளே போயிற்று, உப்பும் குறைந்தது. "கடைசி நேரத்துல படிக்கிற பிள்ளைகளை நீ என்ன பாடு படுத்துவே" என்று அவளிடம் கேட்க நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஸ்கேன் எடுக்கும் பெண் நெஞ்சில் பசையைத் தடவிக் கருவியை வைத்ததும், "நல்லா அழுத்தும்மா, ரெண்டு மார்க் கூட விழட்டும்" என்றாள் உன் அம்மா. அந்தப் பெண்ணால் சிரிப்பை அடக்க முடியவில்லை, எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

வந்தது முப்பத்து மூன்று. டாக்டர் கோபப்படவில்லை. "நல்லா இருக்கிறவங்களுக்கே அறுபது சொச்சம்தாம்மா வரும், நூத்துக்கு நூறு யாருக்கும் வராது. போன தடவை ஏறினது மாத்திரையால. அது ஏறுதா இறங்குதான்னு பாத்தாத்தான் மருந்தைக் கூட்டலாமா, வேற வழி பாக்கணுமான்னு எனக்குத் தெரியும்" என்றார். மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். அப்போதும் முப்பத்தைந்துக்கு மேல் ஏறாவிட்டால் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைக்க வேண்டிவரலாம், துடிப்பு திடீரென்று தாறுமாறாகப் போனால் அது ஷாக் கொடுத்து உயிரைக் காப்பாற்றுமாம். உன் அம்மா உடனே என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, முப்பத்தஞ்சுதான் கணக்குன்னு நான் சொல்லல?" என்கிறாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து மாடி ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "ஏங்க, இதுலயும் தேறலன்னா?" என்றாள். அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு விடையை எதிர்பார்த்தது அதுதான் முதல் தடவை. "சரி சரி, முழிக்காதீங்க, மாத்திரைக்குத் தண்ணி கொண்டாங்க" என்று அவளே முடித்துவைத்தாள்.

இனி போன் செய்தால் மார்க் கேட்காதே, மாத்திரை போட்டாயா என்று கேள். உன் பேச்சென்றால் கேட்பாள். அடுத்த ஸ்கேனுக்கு நீ பக்கத்தில் இருந்தால் நல்லது. வேலை இருந்தால் பரவாயில்லை. இல்லை, பரவாயில்லை என்று எழுதியது தப்பு. வந்துவிடு.

எந்தக் குறையும் இல்லாமல் இருவரும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா