கை படும் சுவர்

என் வீட்டுக்காரிக்கு,

“வீட்டுக்கு வந்து சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்தா, சுவரெல்லாம் கை அழுக்காயிடும். அப்புறம் யார் துடைக்கிறது? நான் சக்கர நாற்காலியிலயே இருந்துடறேன்” என்று போன மாதம் மருத்துவமனையில் சொன்னாய். மறுநாளே வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆளைக் கூப்பிட்டேன்.

பளபளப்பே இல்லாத மேட் பூச்சுதான் சரி என்றார் பெயிண்டர். “பழைய சுவர் சார். மினுமினுப்பு ஏறினா மேடுபள்ளமெல்லாம் பல்லைக் காட்டும்.”

எதையும் செய்து பார்க்காமல் நான் நம்புவேனா? சமையலறை ஓரத்தில் மேட் ஒரு கட்டம், லேசாக மினுங்கும் சாட்டின் ஒரு கட்டம் அடிக்கச் சொன்னேன். இரண்டு வாரம் காயவிட்டேன். பிறகு கையில் எண்ணெயும் கரியும் பூசி, நீ எப்படி ஊன்றுவாயோ அப்படியே இரண்டிலும் ஊன்றினேன்.

“சுவருக்கே பரீட்சை வைக்கிற ஆளை இப்பதான் பாக்கறேன்!” என்று பெயிண்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தேன். மேட் கட்டத்தில் கறை இன்னும் பரவியது. சாட்டினில் ஐந்து விரலும் இருந்த இடம் தெரியவில்லை. “நூத்துக்கு நூறு!” என்று கத்தியேவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

வீடு முழுக்க அதையே அடித்தாகிவிட்டது. மேடுபள்ளம் தெரிகிறது, தெரியட்டும். துடைக்கப்போவது நான்தான்.

நேற்று நீ தனியாக எட்டு அடி வைத்ததாக நர்ஸ் போனில் சொன்னார். வெள்ளிக்கிழமை நீ வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை வாசலிலேயே விட்டுவிட்டு, உள்ளங்கை முழுவதும் படும்படி சுவரில் ஊன்றி, சமையலறை வரை நடந்து பார்.

உன் வாத்தியார்