முருகேசன் வரவில்லை என்று சொன்னேன்

அன்புள்ள மேஜர் சாப்,

இந்த வாரம் தாம்பரத்துக்கு மேலே விமானச் சத்தம் ஓயவே இல்லை. நேற்று காலை பெருங்களத்தூரில் போர் ஒத்திகை என்று சங்கு ஊதினார்கள். நான் செக்யூரிட்டி வேலை பார்க்கும் அப்பார்ட்மெண்டில் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். நான் மட்டும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் சண்டை வந்துவிடுமா, சாப்?

உங்கள் மகள் நிவேதா இப்போது கேப்டன். கண்ணிவெடி அகற்றும் பிரிவு. மற்றவர்கள் நடக்க வேண்டிய பாதையில் முதலில் நடப்பது அவளும் அவள் ஆட்களும்தான். உங்கள் பெண் வேறெங்கே போவாள்? எல்லைக்குக் கிளம்புவதற்கு முன் சொல்லிக்கொண்டு போக நேற்று சாயங்காலம் வந்தாள்.

"அங்கிள், அப்பா கடைசியா திரும்பி மேல ஏறினாரே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க. என் டீமுக்குச் சொல்லணும்."

எத்தனை பள்ளிக்கூட மேடைகளில் சொல்லியிருக்கிறேன் அதை! பனிமலையில் எங்களுக்கு முன்னால் நீங்கள் ஏறியது, நாங்கள் சாப்பிட்ட பிறகே சாப்பிட்டது, எதிரியின் பதுங்குகுழியைப் பிடித்தது, தோளில் குண்டு பட்டும் எங்களை ஒவ்வொருவராகக் கீழே இறக்கிவிட்டது. எல்லாம் சத்தியம். ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டேன்.

பாறைக்குப் பின்னால் ஆட்களை எண்ணியவன் நான். வயர்லெஸ்ஸும் என் தோளில்தான். "எல்லாரும் வந்தாச்சா, தம்பி?" என்று கேட்டீர்கள். "முருகேசன் வரல, சாப்" என்றேன். "இவங்களப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஏறினீர்கள். அவ்வளவுதான், திரும்பவில்லை.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பக்கத்துப் படைக் கம்பெனி வயர்லெஸ்ஸில் சொல்லியிருந்தது, உங்கள் ஆள் ஒருவன் காயத்தோடு எங்களிடம் இருக்கிறான் என்று. முந்தின நாள் காயத்தோடு நாம் அவர்களிடம் அனுப்பிய ஆளைச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். பேரைக் கேட்டிருக்கலாமே! ஒரு வார்த்தை கேட்க எனக்கு என்ன கேடு? முருகேசனை அவர்கள் வேறு வழியாக ஏற்கனவே இறக்கியிருந்தார்கள். அங்கே இல்லாத ஆளைத் தேடி நீங்கள் போனீர்கள்.

இத்தனை வருஷமாக உங்கள் சேலையூர் வீட்டில் அண்ணி கையால் காபி வாங்கிக் குடிக்கிறேன். சொல்ல வாய் வரவில்லை. நேற்று நிவேதாவிடம் சொல்லிவிட்டேன். என் பாதிக் கதையை நம்பி அவளும் ஏறிவிடக் கூடாதே என்ற பயம். "பாப்பா, பேரைக் கேக்காம போயிடாதம்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். என் கையை விடாமலே சொன்னாள்.

"பேரைக் கேப்பேன், அங்கிள். பதில் வரலன்னா ஏறிடுவேன்."

அப்படியே உங்கள் குரல்.

இன்று மத்தியானம் ரயில் ஏறிவிட்டாள். அண்ணி சிரித்த முகமாகக் கையசைத்தார். நிவேதா அவரிடம் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அது என் வேலை என்று விட்டுவிட்டாள் போல.

நாளைக் காலையில் போய் நானே சொல்லிவிடுகிறேன். வாசலோடு விரட்டினாலும் சரி, இது சத்தியம். சீருடை போட்ட யாரோ இன்னொரு தடவை வந்து அந்தக் கதவைத் தட்டுவதற்கு முன்னால், முதல் தடவை ஏன் தட்டினார்கள் என்று அண்ணிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்களை மேலே அனுப்பிய தம்பி,
காதர்